நாற்பது வாட் வெயில்

மே 29

உப்பு தண்ணீராகிவிட்டது.

முந்தாநாள் சாத்தூரில் மூட்டை கட்டும்போது கல் உப்பாக இருந்தது. இன்று காலையில் டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு குளம், நடுவில் நாலு கல். அப்பாவிடம் காட்டினேன்.

"அள்ளிப் போடுறதுக்குப் பதிலா ஊத்திக்கிட வேண்டியதுதான்" என்றார்.

ஜோக் அடித்தாரா, நிஜமாகச் சொன்னாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. பத்து மாதமாக வீட்டில் இதுதான் நடைமுறை.

இந்த டைரி அப்பாவுக்கு யூனியனில் கொடுத்தது. ஜனவரியிலிருந்து காலி. கூடலூரிலிருந்து மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தால் இந்த வேங்கைக்கொல்லி. செல்போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கை சும்மா இருக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் மாரீஸ்வரன். வயது இருபது. இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் "அம்மா இறந்துட்டாங்க" என்று சொல்வேன். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் பதில்.

மே 30

சாமான்களை அடுக்கினோம். அப்பா மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து இப்போது போர்மேன். பதவி உயர்வு என்றால் காட்டுக்குப் போ என்று அர்த்தம் போல. இந்த இடத்துக்கு யாரும் வர மாட்டார்களாம். இவர் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்கிறார். சாத்தூர் வீட்டில் பத்து மாதமாக அவர் மொட்டை மாடிக்கு ஏறவே இல்லை. கம்பம் கம்பமாக ஏறிய மனுஷன், பதினாலு படி ஏற மாட்டேன் என்றார். சரி, அது அவர் பாடு.

லாரியில் எல்லாச் சாமானும் பின்னால் வந்தது. ஒரு சம்படம் மட்டும் அப்பா மடியில் உட்கார்ந்து வந்தது. எவர்சில்வர், பெரியது, மூடியில் 'கு. சண்முகக்கனி' என்று அம்மா பேர் வெட்டியிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் பையில், போன கோடையில் அம்மா போட்ட கூழ் வத்தல். கடைசியாகப் போட்டது.

"ஜூலை பத்தொம்பது வருசம் திரும்புது. அன்னைக்கு அவ கையால போட்டதத்தான் இலையில வைக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார்.

யாரும் என்றால் நான்தான். வேறு ஆள் கிடையாது.

ஜூன் 2

பக்கத்து வீட்டில் யோகராணி அக்கா. தேயிலை பறிக்கிறாள். முப்பத்தைந்து இருக்கும். அவள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி, மாசம் ஒரு தடவை வருவான். தொரட்டு மாதிரி வாய்.

காலையில் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தாள். நாங்கள் ஈரம் உள்ளே வரக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் பேப்பர் செருகியிருந்தோம்.

"என்னா தம்பி, ஈரத்த வெளியில போக வுடாம உள்ள வச்சி பூட்டி வச்சிருக்கீங்க?"

"ஊர்ல வெயிலுக்கு இப்படித்தான்க்கா சாத்துவோம்."

"வெயிலா? அப்பிடி ஒண்ணு இருந்திச்சி. போன மாசம் பாத்தேன்."

இங்கே குடிவருபவர்கள் கவனத்துக்கு: காலையில் ஜன்னலைத் திற. மேகம் உள்ளே வரும், கும்பிட்டுவிட்டு மறுபக்கமாக வெளியே போகும். கண்டுகொள்ளாதே.

ஜூன் 5

மழை பிடித்துவிட்டது. இங்கே 'பெய்யுது' என்று சொல்ல மாட்டார்களாம். 'பிடிச்சிரிச்சி' என்கிறார்கள், ஜுரம் மாதிரி.

ஜூன் 6

தீப்பெட்டி உரசினால் மருந்து உதிர்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் தீப்பெட்டிதான். பாவம், அதற்கும் இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 9

துவைத்துப் போட்டு ஐந்தாவது நாள். ஜட்டி இன்னும் காயவில்லை. சட்டையில் நாய் நாற்றம். பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சணம். அட்டை இன்று மூன்று. ஒன்று சாக்ஸுக்குள்ளேயே குடியிருந்து கொழுத்துப்போய் வெளியே வந்தது. பிய்த்து எறிந்தால் ரத்தம் நிற்கவில்லை. "உப்பு வைங்க தம்பி" என்றாள் அக்கா. எங்கள் வீட்டில் உப்பு இருக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியாது.

சாத்தூர் வெயிலை நான் திட்டாத நாளில்லை. கரிசல் மண் வெடித்துக் கிடக்கும். மத்தியானம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் அப்பளமாகியிருக்கும். இப்போது அந்த வெயிலை, விட்டுப்போன காதலியை நினைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கக்கேடு.

போன வருடம் மே மாதம். ஸ்டடி லீவு என்று வீட்டுக்கு வந்திருந்தேன். காலை ஐந்து மணிக்கு அம்மா எழுப்பிவிடுவாள். ராத்திரியே கிண்டி வைத்த கூழ் ஆறியிருக்கும். பச்சை மிளகாயும் சீரகமும் மணக்கும். மொட்டை மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல். முறுக்கு உரலில் கூழை நிரப்பி அவள் பிழிந்தால், அது ஜிலேபி மாதிரி வட்டமாக, தடிமனாக, ஒரே அளவில் விழும். நான் பிழிந்தால் மண்புழு. மெலிசாக, கோணலாக, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது.

"கைய ஆட்டாதடா. கூச்சப்படுதா கூழு?"

"எல்லாம் வயித்துக்குள்ள போறதுதானம்மா."

"அப்படியே பேசு. பிழியத் தெரியாட்டி காக்காயாவது விரட்டு. ஒழுங்கா விரட்டுனா சம்பளம் போட்டுத் தாரேன்."

கறுப்புக் குடையை விரித்து வைத்துக்கொண்டு பத்து மணி வரை காக்கா விரட்டினேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் 'ச்சூ'. தூங்கி விழுந்தாலும் வாய் 'ச்சூ' என்று சொல்லும்.

ஒருநாள் கேட்டாள். "பரீச்சை எப்ப?"

"அடுத்த மாசம்."

"புஸ்தகத்தையே காணோம்?"

"எல்லாம் போன்ல இருக்கும்மா."

"ம்" என்றாள். அவ்வளவுதான். உரலில் கூழை நிரப்பினாள்.

அந்த 'ம்'மை ஒரு வருடமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. சும்மா ஒரு 'ம்'தான் போல.

ஜூன் 14

சம்படத்தைத் திறந்து பார்த்தேன். தொடக்கூடாது என்றுதான் உத்தரவு. பார்க்கக்கூடாது என்றில்லை. ஒன்றை எடுத்து ஒடித்தேன். டக்கென்று ஒடிந்தது. நல்லது. மோந்தும் பார்த்தேன். பையைப் பழையபடி நூலால் கட்டி வைத்துவிட்டேன்.

ஜூன் 17

யோகராணி அக்கா வீட்டு மர அலமாரிக்குள் ஒரு பல்பு எரிகிறது. பகலிலும்.

"உள்ள சாமி இருக்காக்கா?"

"ரேசன் கார்டு, என் கல்யாணச் சீல, பாங்கி புஸ்தகம். பல்பு போடாட்டி எல்லாம் பூத்துப் போவும் தம்பி. இங்கிட்டு எல்லா வீட்லயும் பல்புக்குத்தான் வெயில்னு பேரு."

சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். காதில் வாங்காத மாதிரி இருந்தார். ராத்திரிக்குள் எங்கள் அலமாரியில் ஹோல்டர் மாட்டி, ஒயர் இழுத்து, சுவிட்ச்சும் வைத்துவிட்டார்.

"ஒன் சர்டிபிகேட்டு கெட்டுப் போயிரும்ல" என்றார் சுவரைப் பார்த்து.

என் சர்டிபிகேட் மேல்தட்டில். பல்பு கீழ்த்தட்டில், சம்படத்துக்குப் பக்கத்தில்.

ஜூன் 18

அப்பா மாட்டியது எல்இடி பல்பு. வெளிச்சம் வருகிறது, சூடு வரவில்லை. முப்பது வருஷம் கரண்டோடு குடும்பம் நடத்தியவருக்கு இது தெரியவில்லை. அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, குண்டு பல்புதான் வேண்டுமாம்.

ஜூன் 21

குண்டு பல்பு தேடி கூடலூர் முழுக்க அலைந்தேன். நாலு கடையில் "அதெல்லாம் இப்ப வர்றதில்ல" என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் பரணிலிருந்து தூசி தட்டிக் கொடுத்தார். நாற்பது வாட். இரண்டு வாங்கினேன். பஸ்ஸில் ஆள் மேலே ஆள். கண்டக்டர் "முட்டையா?" என்றார். ஆமாம் என்றேன்.

மாட்டியதும் அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே மே மாதம்.

ஜூன் 28

தினமும் ஒரு தடவை சம்படத்தைத் திறந்து, ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுக் கட்டி வைக்கிறேன். டங் என்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்று பையை எடுத்தேன். நான் கட்டிய நூல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு துண்டு கம்பி, மூன்று முறுக்கு, நுனி உள்பக்கம் மடித்திருந்தது. கம்பத்தில் பீங்கானோடு லைனைக் கட்டுகிறவர்கள் அப்படித்தான் முறுக்குவார்கள்.

அதே மாதிரி மூன்று முறுக்கு முறுக்கி வைத்துவிட்டேன்.

ஜூலை 3

அக்காவிடம் உளறிவிட்டேன், நான் தினமும் சம்படத்தைத் திறந்து பார்ப்பதை, அப்பாவும் திறப்பதை. தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெறக்கிற நேரமெல்லாம் மேகம் உள்ள பூருதில்ல? ஒரு ஆளு தெறந்தாலே போதும். நீங்க ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தெறக்கிறீங்களா? நல்லாருக்கு குடும்பம்."

இனிமேல் திறக்க மாட்டேன். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நான் திறந்தது தெரியும். அவர் திறந்தது எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். விட்டுவிட்டேன்.

ஜூலை 8

காற்று. மதியம் மூன்று மணிக்கு மேட்டில் ஒரு சில்வர் ஓக் மரம் அப்படியே லைன் மேல் படுத்தது. கீழே இன்னும் எத்தனையோ. ஊர் முழுக்க இருட்டு. அப்பா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். வாசலில் நின்று ஒரு வினாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

பல்பு அணைந்து கிடக்கிறது.

ஜூலை 9

கரண்ட் இல்லை. கூரையில் ஓட்டை. வாளி வைத்திருக்கிறேன்.

ஜூலை 11

மூன்றாவது நாள். அப்பா காலையில் வந்து சட்டை மாற்றிக்கொண்டு போனார். கையெல்லாம் ஊறி வெள்ளையாக, கிழவன் கை மாதிரி இருந்தது. "பதினேழு கம்பம் விழுந்துருக்கு" என்றார். பதினேழு என்று சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை. ஆஸ்பத்திரி லைன் முதலில், தண்ணீர் மோட்டார் லைன் அடுத்து. எங்கள் லைன் கடைசி. போர்மேன் வீட்டு லைனை முதலில் போட்டால் ஊர் பேசும் என்றார்.

அவர் போனதும் சம்படத்தைத் திறந்தேன். எட்டு நாளாகத் திறக்காதவன், திறந்துவிட்டேன். ஒன்றை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை. தோல் மாதிரி வளைந்தது. அடியில் இருந்ததில் பச்சைப் புள்ளி.

கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, சிம்மில் வைத்து, ஒரு கை அள்ளி வைத்தேன். கல் சூடேறியது தெரியவில்லை. ஆறு கருகிவிட்டது. கருகிய வாசம் வீடு முழுக்க நிற்கிறது. எங்கேயும் போக மாட்டேன் என்கிறது. இங்கே வாசம்கூடக் காயாது.

ஆறையும் தூக்கிப் போட மனசு வரவில்லை. தின்றுவிட்டேன். கரியாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 12

சம்படத்தை மழைக்கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டில் விறகு அடுப்பு. மேலே மூங்கில் தட்டு தொங்கும். அதில் ஈர விறகு, குறுமிளகு, கருவாடு எல்லாம் புகையில் காய்ந்துகொண்டிருக்கும்.

"என்னா தம்பி, வயித்துல புள்ளயா?"

இறக்கி வைத்து விஷயத்தைச் சொன்னேன். யார் போட்டது, எதற்கு வைத்திருக்கிறோம், எத்தனாம் தேதி என்று எல்லாம். அவள் வாயிலிருந்து ஒரு நக்கலும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுந்து மூங்கில் தட்டை இறக்கினாள். கருவாட்டை எல்லாம் வழித்து ஒரு சாக்கில் போட்டாள்.

"ஐயோ, அது கெட்டுப் போகும்க்கா."

"போவட்டும். எங் கருவாட்ட எறக்கிட்டு ஒங்கம்மாவ ஏத்துறேன். கருவாட்டு வாசத்தோட படையல் வச்சா ஒங்கம்மா எங் கனவுல வந்து அடிப்பாங்க."

தட்டைத் துடைத்து வாழை இலை விரித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். பூத்தது ஒரு பக்கம், பூக்காதது ஒரு பக்கம். பொறுக்கப் பொறுக்கத்தான் புரிந்தது. கெட்டது எல்லாம் அம்மா போட்டது. தடிமனாக, வட்டமாக, அழகாக இருந்ததெல்லாம் உள்ளே ஈரத்தைக் குடித்து ஊதியிருந்தது. நான் போட்ட மண்புழு எல்லாம் மெலிசு. அதில் ஈரம் தங்க இடமே இல்லை.

மிச்சம் இருபத்து மூன்று. பத்தொன்பது என்னுடையது. நாலு அம்மாவுடையது.

"நாலு போதும் தம்பி. எலைக்கி நாலுதான வைப்பாங்க" என்றாள் அக்கா.

ஜூலை 15

கரண்ட் இல்லை. அப்பா லைன் வேலையிலேயே தங்கிவிட்டார். அக்கா வீட்டு அடுப்புக்கு மேலே இருபத்து மூன்றும் பத்திரமாக இருக்கின்றன. அக்கா வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணில் தண்ணீர். புகை.

குடிவருபவர்கள் கவனத்துக்கு: மே மாதமே விறகு அடுக்கி வை. உன்னிடம் கேஸ் இருக்கிறது என்று திமிராக இருக்காதே.

ஜூலை 16

கல்லூரி ஆபீஸிலிருந்து ஒரு அம்மா போன் போட்டது. மேட்டில் ஏறி நின்றதால் சிக்னல் கிடைத்தது. திரும்பச் சேர்வதானால் இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டுமாம். பிப்ரவரியிலிருந்து வருகைப் பதிவே இல்லையே, எந்த வருடம் பிப்ரவரி, போன வருடமா என்று அந்தம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. ஆமாம், அம்மா இறந்துவிட்டார்கள் என்றேன். "ஓ, சாரிப்பா" என்றது.

அம்மா இறந்தது ஜூலையில். அந்தம்மா கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள்.

ஜூலை 18

இன்று சண்டை.

மத்தியானம் கரண்ட் வந்தது. பின்னாலேயே அப்பா வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நேரே அலமாரியைத் திறந்தார். பல்பு எரிகிறது. சம்படம் இல்லை.

"எங்கடா அது?"

நான் கூரை ஓட்டைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். "எது?"

"எதுவா? நாளைக்கு அவளுக்கு வருசம். எங்கடா அதுன்னு கேக்கேன். தின்னுட்டியா?"

ஒரு வருடத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. தின்னுட்டியா.

"ஆமா, தின்னுட்டேன். ஆறு தின்னேன். கரியாப் போனத. மிச்சத்த எந்த லட்சணத்துல வச்சிருந்தீக? ஒங்க பல்பு அணைஞ்சா எனக்கு என்ன தெரியும்? ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்தீகள்ல, வீட்டுக்கு என்ன குடுத்தீக?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகம் வெளுத்துப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோட்டிலிருந்து தண்ணீர் ஓடியது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"எந்திரிங்க. வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

மூங்கில் தட்டைக் காட்டினேன். அக்கா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

"போர்மேன் சார், ஆறு நாளா ஒங்க மகன் அடுப்புக்கு முன்னாடிதான் குந்தியிருக்கு. கண்ணப் பாருங்க, கோவப்பழமாட்டம். வையாதீங்க."

அப்பா தட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டி ஒன்றை எடுத்தார். சுண்டினார். டங்.

அந்த அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து அக்கா கொடுத்த பால் ஊற்றாத வரத்தேநீரைக் குடித்தார். குடித்துவிட்டு "கருவாட்டு வாசம் வரலையே" என்றார்.

"அதுக்குத்தான் சார் என் கருவாடு பூத்துப்போய்க் கெடக்கு" என்றாள் அக்கா.

ஜூலை 19

காலையிலேயே குளித்துவிட்டு அப்பா சமைத்தார். சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். அம்மா படத்தை அலமாரியிலிருந்து எடுத்தோம். பல்புக்குப் பக்கத்தில் இருந்ததால் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

கடைசியில் வத்தல். எண்ணெய் காய்ந்ததும் அம்மா போட்ட நாலையும் போட்டார். மலர்ந்து மேலே வந்தன. அந்த வாசம்! சாத்தூர் வீட்டு அடுப்படி, அம்மாவின் வியர்வை, மத்தியான வெயில், ரேடியோ எல்லாம் அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தன. நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இலையில் மூன்று. காக்காய்க்கு வைக்கும் பிடியில் ஒன்று.

காக்காய் இல்லை.

குளியலறைத் தகரத்தின் மேல் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டோம். தூறல். எதிரே மேகம். என்னென்னவோ பறவைச் சத்தம் கேட்கிறது. காக்காய்ச் சத்தம் மட்டும் இல்லை. கால் மணி, அரை மணி. காக்காய் எடுக்காமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. சாத்தூரில் வேண்டாம் வேண்டாம் என்று விரட்டினாலும் இருபது வரும்.

"விரட்டியே பழகிட்ட. இப்ப கூப்பிடத் தெரியல" என்றார் அப்பா.

"நீங்க மட்டும் என்ன, சங்கீதமா கூப்பிடுறீக?"

யோகராணி அக்காவும் வந்து அவள் பங்குக்குக் கத்தினாள். மூன்று பேரும் மழையில் நின்று கா கா என்று கத்திக்கொண்டிருந்தோம். ரோட்டில் போன மினி பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

அப்புறம், காற்றில் விழாமல் நின்ற ஒரு சில்வர் ஓக்கிலிருந்து ஒன்று இறங்கியது. அண்டங்காக்காய். கோழிக் குஞ்சைத் தூக்கும் போல அவ்வளவு பெரிசு, முழுக் கறுப்பு. தகரத்தில் தத்தித் தத்தி வந்தது. சாதத்தைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. நேரே வத்தலுக்குப் போனது.

"ச்சூ!"

நான்தான் கத்தினேன். கையை வேறு வீசிவிட்டேன். நான் நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அது பறந்துவிட்டது. வத்தலோடு.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்படியே நின்றேன். ஒரு மணி நேரம் கூப்பிட்டு வரவழைத்த காக்காயை, அம்மாவுக்கு என்று வந்த காக்காயை, விரட்டிவிட்டேன்.

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். பிறகுதான் அது அழுகையாக மாறியது.

"அவ இருந்தா இன்னைக்குத்தான்டா ஒனக்குச் சம்பளம் போட்டிருப்பா" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அக்காவும் உட்கார்ந்தாள். அப்பா மிச்சம் பத்தொன்பதையும் பொரித்து எடுத்து வந்தார். ஒன்றை எடுத்து, அதன் கோணலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவ போட்டதில்ல."

"நான் போட்டது."

"தெரியும். ஸ்டடி லீவுல."

அவர் 'ஸ்டடி லீவு' என்று சொன்ன விதத்தில் என் கை சாதத்திலேயே நின்றுவிட்டது.

"நீ வந்த ரெண்டாம் நாளே சொல்லிட்டா. 'புள்ள காலேஜுக்குப் போகல. மூஞ்சியே சொல்லுது. நீங்க ஒண்ணுங் கேக்காதீங்க. அவன் பாட்டுக்கு வத்தல் பிழியட்டும். வத்தல் காயட்டும், அப்புறம் கேட்டுக்கிடலாம்'னா. நான் சரின்னேன். அது காஞ்சு, அள்ளி வச்சு, நீ லீவு லீவுன்னு வீட்லயே கெடந்த. கேக்கவான்னேன். 'வத்தலச் சாப்பிட்டு முடிக்கட்டும், தெம்பா இருப்பான்'னா. அதுக்குள்ள..."

அதற்குள் ஒருநாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். மத்தியானம் இல்லை.

"அவ கேக்காதன்னு சொன்னது அப்படியே நிக்கிது. நான் எப்படிக் கேக்க?"

அப்படியென்றால் அந்த 'ம்' சும்மா இல்லை.

பத்தொன்பதையும் சாப்பிட்டோம். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. புகை வாசம் கொஞ்சம் அடித்தது. உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 20

சம்படத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஈரம் இன்னும் வடியவில்லை.

ஜூலை 22

அரை மணி நேரம் வெயில். ஊரே வெளியே வந்துவிட்டது. பாய், மெத்தை, பெல்ட், பள்ளிக்கூடப் பை, ஒரு வீட்டில் கிழவரையே நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்தார்கள். நான் சாக்ஸைக் கல்லின் மேல் விரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன்னுடைய சாக்ஸையும் விரித்தார்.

"வத்தல் தீந்துருச்சு. இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஏன்டா விட்ட?"

நிறைய பதில் வைத்திருந்தேன். காலேஜ் சரியில்லை. வாத்தியார்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காது. அம்மா. எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கித் தயாராக இருந்தது.

"புரியலப்பா" என்றேன். "ஒண்ணுமே புரியல. எல்லாரும் எழுதுவாங்க, நானும் எழுதுவேன். என்ன எழுதுறேன்னு தெரியாது. ஏழு பேப்பர் போச்சு. ஒங்ககிட்டச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. பிப்ரவரில இருந்து ரூம்லயே படுத்துக் கெடந்தேன். அம்மாவுக்காக விட்டேன்னு ஊரு சொன்னப்ப, சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்பா சாக்ஸைத் திருப்பிப் போட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஒரு வருசம்?" என்றார். அப்புறம், "அந்தா, மேகம் வருது. எடுடா எடுடா."

ஓடினோம். ஒரு சாக்ஸ் மட்டும் காய்ந்திருந்தது.

ஜூலை 23

கல்லூரிக்கு மேட்டிலிருந்து போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். படிப்பு புரியவில்லை என்றேன். அந்தம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டது.

அலமாரியில் பல்பு இன்னும் எரிகிறது. சம்படம் இருந்த இடம் காலி. அணைக்கலாம். அப்பாவும் அணைக்கவில்லை, நானும் அணைக்கவில்லை. எழுதி முடித்ததும் இந்த டைரியை அங்கே வைக்கப் போகிறேன், பக்கமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

அக்கா கருவாட்டை மறுபடி அடுப்புக்கு மேலே ஏற்றிவிட்டாள். சம்படத்தைப் பார்த்து, "இதுல என்னா போட்டு வைக்கப் போறீங்க?" என்றாள்.

"இங்க வெயிலே அடிக்காதாக்கா? எப்பவுமா?"

"ஏன் அடிக்காது? மாசி, பங்குனியில அடிக்கும்."

"எவ்வளவு அடிக்கும்?"

அவள் கருவாட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மெலிசாப் பிழிஞ்சா காயும்" என்றாள்.